வேகனில் தேதி உண்டு, லாரியில் இல்லை

திண்டிவனம் புறவழிச்சாலை ஓரத்து லாரிப் பட்டறைகளில் கழிவு எண்ணெய் டப்பாக்களுக்குப் பக்கத்தில் கறுப்பு ரப்பர் குவியல் ஒன்று கிடக்கும். ஒவ்வொன்றும் எட்டு அங்குல அகலம். கவிழ்த்து வைத்தால் சின்ன வாணலி மாதிரி இருக்கும். ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பார்த்தால், அடிப்பகுதி வளைந்து மேலேறும் இடத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு தெரியும். இன்னும் கொஞ்சம் விரித்தால் வெடிப்புக்குள் வெளுத்த நூல் தெரியும். ரப்பருக்குப் பலம் கொடுக்க உள்ளே வைத்து வார்த்த துணி அது. துணி கண்ணில் பட்டுவிட்டால் அந்த ரப்பரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். லாரிக்காரர்கள் இதை டயாபிரம் என்பார்கள். விலை சில நூறு ரூபாய்.

அந்தக் குவியலில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை ஒரே காரணத்துக்காகக் கழற்றப்பட்டவை: வழியில் கிழிந்தன, வண்டி நின்றது, மாற்றினார்கள். கிழிவதற்கு முன்பே, நாள் பார்த்துக் கழற்றிய ரப்பரை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் கனரக வாகனப் பராமரிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு அறிக்கை எதுவும் தேவையில்லை. அந்தக் குவியல் போதும்.

ஓட்டுநர் பெடலை மிதித்ததும் ஏர் டேங்கில் அடைபட்டிருக்கும் காற்று குழாய் வழியே ஓடி, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் சேம்பருக்குள் புகுகிறது. டயாபிரம் உப்புகிறது. அதன் முன்னால் நிற்கும் புஷ் ராடு என்ற கம்பியைத் தள்ளுகிறது. கம்பி ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, அது எஸ் எழுத்து வடிவில் இருக்கும் கேமைத் திருப்ப, கேம் இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. 30 என்று எண் போட்ட சேம்பர் என்றால் டயாபிரத்தின் பயன்படு பரப்பு 30 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று வந்தால் கம்பியின் மேல் விழும் தள்ளு 3,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,360 கிலோ. ஒரு சக்கரத்துக்கு மட்டும் இவ்வளவு. பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்வது ஒரு ரப்பர் வாணலி. நகரப் போக்குவரத்தில் ஒரு நாளைக்கு அது எத்தனை நூறு முறை வளைகிறது என்று யாரும் எண்ணுவதில்லை.

மறுபக்கம் வண்டியின் எடை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கர வண்டி என்று நாம் சொல்லும் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. வாடகைக்கு ஓட்டுபவருக்கு அது நல்ல செய்திதான். அந்த எடையோடு மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் லாரியை நிறுத்துவதென்றால், அதே லாரியை 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, கீழே விழவிட்டுப் பிடித்து நிறுத்துவதற்குச் சமமான ஆற்றலை டிரம்கள் சூடாக மாற்றியாக வேண்டும். காற்று குழாயில் ஓடிச் சேர்வதற்கே ஏறக்குறைய அரை வினாடி போய்விடும். அதற்குள் லாரி 11 மீட்டர் முன்னேறியிருக்கும். சுமை வரம்பை ஒரே அறிவிப்பில் ஏற்றியவர்கள், அதைப் பிடித்து நிறுத்தும் ரப்பரின் ஆயுளைப் பற்றி அதே மூச்சில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆறு சேம்பரில் ஒரு டயாபிரம் கிழிந்தால் ஆறில் ஒரு பங்குதானே போகும் என்று கணக்குப் போடத் தோன்றும். கணக்கு அப்படிப் போவதில்லை. கிழிந்த ஓட்டை வழியே காற்று வெளியேறும்போது அதே சுற்றில் இருக்கும் மற்ற சேம்பர்களுக்கும் அழுத்தம் குறையும். ஓட்டுநர் பதறி மறுபடி மறுபடி மிதிக்க மிதிக்க டேங்க் வேகமாகக் காலியாகும். தவிர, அச்சின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதனால்தான் ஒரு பக்கம் டயாபிரம் போனால் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று விவரம் தெரிந்த மேஸ்திரிகள் பிடிவாதமாகச் சொல்வார்கள். உரிமையாளர்கள் இதைப் பட்டறைக்காரர் பில் ஏற்றும் தந்திரம் என்று நினைப்பதும் உண்டு. இந்த விஷயத்தில் நியாயம் பட்டறை பக்கம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இந்தப் பேச்சு எடுபடாமல் போவதற்கு ஒரு காரணம் நிலம். சென்னையிலிருந்து திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி என்று போகும் லாரி மலை என்று எதையும் ஏறி இறங்குவதில்லை. தருமபுரி பக்கம் தொப்பூர் கணவாயில் நிலைமை வேறு. 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று, வரிசையில் நின்றிருந்த வாகனங்கள் மேல் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். தொப்பூர் என்றால் ஓட்டுநருக்கு ஒரு பயம் உண்டு. இறக்கத்துக்கு முன்னால் காற்று முள்ளைப் பார்ப்பார், கியரைக் குறைப்பார். மலை ஒரு கண்டிப்பான வாத்தியார். பிரேக்கில் குறை இருந்தால் அன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

சமவெளி காட்டிக்கொடுக்காது. நாலு வழிச்சாலையில் டிரம் குளிர்ந்தே கிடக்கும். பெடலை லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டுநர் திருச்சி வரை போய்விடுவார். பாதி தேய்ந்த ஷூ லைனர், வெடிப்பு விட்ட டயாபிரம், அளவுக்கு மேல் நீளும் புஷ் ராடு எல்லாம் சத்தமில்லாமல் கூடவே பயணம் செய்யும். டிரம் சூடாகும்போது விரிவடையும்; விரிந்தால் கம்பி இன்னும் அதிக தூரம் நீள வேண்டும். குளிர்ந்த நிலையில் எல்லையை ஒட்டி நிற்கும் பிரேக், சூடேறிய நிலையில் எல்லையைத் தாண்டிவிடும். பொங்கலுக்கு முந்தின இரவு விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு அரை கிலோமீட்டர் முன்பே கார்கள் வரிசையாக நிற்கும்போதோ, கிராமத்துக் குறுக்குச் சாலையிலிருந்து ஒரு டிராக்டர் கரும்பு டிரெய்லரோடு திடீரென்று ஏறும்போதோதான் அந்த லாரியின் பிரேக்குக்கு முதல் உண்மையான தேர்வு. (அந்தக் கரும்பு டிரெய்லருக்கு ஒழுங்கான பிரேக் உண்டா, பின்னால் சிவப்பு விளக்கு உண்டா என்பது தனியாக எழுத வேண்டிய கதை.)

வட்டாரத்தின் சரக்கும் ரப்பருக்கும் இரும்புக்கும் சாதகமாக இல்லை. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றும் வண்டிகளில், சேம்பரின் இரண்டு பாதியையும் கவ்விப் பிடிக்கும் வளையத்தையும் அதன் நட்டுகளையும் உப்பு நீர் அரிக்கும். பார்க்கிங் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் விட்டுவைக்காது. துருவேறிய ஸ்பிரிங் ஒருநாள் உள்ளேயே முறிந்து, முறிந்த முனை டயாபிரத்தைக் குத்தும். வானூர், திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரிகளுக்குப் போய்வரும் டிப்பர்களில் கல்மாவு சேம்பரின் மூச்சுத் துவாரங்களை அடைக்கும். கடலோரத்து ஈரக் காற்றைக் கம்ப்ரஸர் உறிஞ்சி அழுத்தும்போது டேங்கில் தண்ணீர் சேரும். கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருந்தால் கூடவே எண்ணெயும் வரும். தினமும் காலையில் டேங்குக்கு அடியில் இருக்கும் வால்வைத் திறந்து வடித்துவிட வேண்டும் என்பது கிளீனர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். வடிவது தெளிந்த தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. டீ நிறத்தில் கொழகொழவென்று வந்தால், அந்தக் குழம்பு ஏற்கெனவே டயாபிரம் வரை போய் ரப்பரை ஊற வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கிளீனர் இல்லாமல் ஓட்டுநர் தனியாக ஓட்டும் வண்டிகள் பெருகிய பிறகு அந்த வால்வைத் திறக்க ஆளில்லை.

பிரேக் சேம்பரில் இரண்டு வகை உண்டு. முன்சக்கரங்களில் இருப்பது ஒற்றை அறை. பின்சக்கரங்களில் இருப்பது இரட்டை அறை: ஒன்றில் மேலே சொன்ன டயாபிரம், மற்றொன்றில் சுருட்டி அடைத்த ஒரு பெரிய ஸ்பிரிங். ஓடும்போது காற்றழுத்தம் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கும். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் விரிந்து தானாகவே பிரேக் போட்டுவிடும். காற்று இருந்தால் வண்டி ஓடும், இல்லாவிட்டால் நிற்கும் என்ற இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்குக் காற்று பிரேக் காப்புரிமை வாங்கினார். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லாமல் போகும் என்ற அதன் குறையை 1872-ல் தலைகீழாக்கி, குழாய் அறுந்தால் பிரேக் தானாக விழும்படி மாற்றினார். இன்றைக்கு விழுப்புரம் சந்திப்பில் வந்து நிற்கும் சரக்கு ரயிலும், அதற்கு வெளியே மேம்பாலத்தில் போகும் லாரியும் அந்த யோசனையின் வாரிசுகள்.

அந்த ஸ்பிரிங் உயிர் காக்கும். தெரியாமல் கை வைத்தால் உயிரை எடுக்கும். கிட்டத்தட்ட ஒரு டன் விசை அதற்குள் அடைபட்டிருக்கிறது. வளையத்தைக் கழற்றி மூடியைத் திறந்தால் மூடி குண்டு மாதிரி பறக்கும். அதனால்தான் திறப்பதற்கு முன் ரிலீஸ் போல்ட்டைச் சொருகி, கால் திருகு திருப்பிக் கொளுவி, நட்டை முறுக்கி ஸ்பிரிங்கை உள்ளேயே கட்டிப்போட வேண்டும். போல்ட்டை வைத்துக்கொள்ளச் சேம்பரின் பக்கவாட்டிலேயே ஒரு கூடு செய்திருக்கிறார்கள். இந்தக் காலத்துச் சேம்பர்கள் பலவற்றில் ஸ்பிரிங் அறையைத் திறக்கவே முடியாதபடி ஓரத்தை மடித்து அடைத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். சில ஆயிரம் மிச்சம் பிடிக்க அதையும் உளியால் பிளந்து பார்க்கிற துணிச்சல் சில பட்டறைகளில் இருக்கிறது. அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைப்பதே தப்பு.

அந்தப் போல்ட்டுக்கு ரோட்டில் வேறொரு உபயோகம் கண்டுபிடித்திருக்கிறார்கள். நடுராத்திரி, ஆளில்லாத இடம். காற்று ஒழுகி ஸ்பிரிங் விழுந்து சக்கரம் பூட்டிக்கொள்கிறது. பட்டறைக்குப் போன் போகும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“மேஸ்திரி, பின்னாடி எடது வீலு புடிச்சிக்கிச்சு. நகர மாட்டேங்குது.”

“கட்டை போட்டியாப்பா?”

“போட்டுட்டேன். காத்து ஏறுது, உடனே எறங்கிடுது.”

“சரி, போல்ட்டை முறுக்கி ஸ்பிரிங்கைத் தூக்கிட்டு மெதுவா ஓட்டிக்கினு வந்துடு. காலைல பாத்துக்கலாம்.”

அவசரத்துக்கு இது தவறில்லை. வண்டியை ஓரங்கட்டவும் பட்டறை வரை கொண்டுவரவும்தான் அந்தப் போல்ட். காலையில் லோடு காத்திருக்கும். மாலையில் வேறு லோடு. போல்ட் முறுக்கியபடியே வண்டி வாரக்கணக்கில் ஓடும். அந்தச் சக்கரத்தில் பார்க்கிங் பிரேக்கும் இல்லை, காற்று போனால் தானாக விழும் பாதுகாப்பும் இல்லை. அப்படிப்பட்ட வண்டி சரிவில் நிற்கும்போது அதை நிற்க வைத்திருப்பது சக்கரத்துக்கு அடியில் போட்ட புளியங்கட்டை. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். அதற்காக ஊர்ப்பெருமையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காட்ட வேண்டியதில்லை.

விபத்து நடந்த மறுநாள் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி. படிப்பவருக்கு இடி விழுந்த மாதிரி, யாருடைய கையிலும் இல்லாத ஒன்று நடந்துவிட்டதாகத் தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1977-ல் மினு பி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: இயந்திரக் கோளாறுதான் காரணம் என்று உரிமையாளர் சொன்னால், அந்தக் கோளாறு மறைந்திருந்தது, தக்க கவனத்தோடு பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவும் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையோடு வண்டியை ஓட்டுவதையும் ஓட்ட விடுவதையும் குற்றம் என்கிறது.

இங்கிலாந்தில் இதற்கு முன்னோடியாக ஒரு வழக்கு உண்டு. ஹெண்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் என்று சட்ட மாணவர்கள் படிப்பார்கள். பிரபுக்கள் சபை 1969-ல் தீர்ப்புச் சொன்னது. இறக்கத்தில் வந்த லாரியின் பிரேக் குழாய் அரித்துப் போய் உடைந்து ஒருவர் இறந்தார். குழாயின் அரித்த பகுதி சேசிஸ் பக்கம் மறைந்திருந்தது, கழற்றினால் ஒழியத் தெரியாது என்று உரிமையாளர் வாதாடினார். அது போதாது என்றார்கள் நீதிபதிகள். அந்த லாரி எப்படிப்பட்ட சரக்கு ஏற்றியது, எங்கெல்லாம் ஓடியது, அரிப்புக்கு வழிவகுக்கும் எதையாவது சந்தித்ததா என்ற வரலாற்றை உரிமையாளர்கள் முன்வைக்கவில்லை என்பதே அவர்களைக் கவிழ்த்தது. மரக்காணத்து உப்பு லாரிக்காரர் ஒருவரிடம் நாளைக்கு இதே கேள்வி கேட்கப்பட்டால் அவர் என்ன ஆதாரம் காட்டுவார்? கடைசியாக எப்போது டயாபிரம் மாற்றினீர்கள் என்று கேட்டால் நினைவிலிருந்துதான் பதில் வரும். “போன தீபாவளிக்கு முந்தி” என்பார். எந்தச் சக்கரத்தில் என்று கேட்டால் அதுவும் தெரியாது.

தமிழ்நாட்டில் 2023-ல் 67,213 சாலை விபத்துகள் நடந்தன, 18,347 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். காரணம் எழுதும் கட்டத்தில் பெரும்பாலும் ‘அதிவேகம்’ என்று நிரப்பப்படுகிறது. வேகமாக வந்ததால் நிற்கவில்லையா, நிறுத்தும் சக்தி குறைந்திருந்ததால் அந்த வேகம் அதிவேகம் ஆனதா என்று பிரித்துப் பார்க்க, மோதிய லாரியின் ஒவ்வொரு சேம்பரிலும் கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளந்தாக வேண்டும். அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை கனரக லாரி விபத்துகளை அப்படி ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். விபத்தில் சிக்கிய லாரிகளில் 29 சதவீதத்தில் பிரேக் குறைபாடு இருந்தது தெரிந்தது. அதுவே முழுக் காரணம் என்று ஆய்வு சொல்லவில்லை. கூட இருந்தது என்று சொன்னது. அதை இங்கேயும் அளந்து பார்க்கலாம். முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேரும் நெடுஞ்சாலைக் காயங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எஃப்.சி. இருக்கிறதே என்று கேட்கலாம். சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் லாரிக்குக் கல்யாணக் களைதான். சேசிஸ் முழுக்கக் கறுப்பு பெயிண்ட், சக்கரத்துக்கு வெள்ளி நிறம், பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர். பெயிண்ட் அடிக்கும் பையன் ஸ்பிரே துப்பாக்கியைச் சேம்பர் மேலும் ஒரு சுற்றுச் சுற்றுவான். வளையத்தில் இருந்த துருவும் நட்டில் இருந்த விரிசலும் மறைந்துவிடும். மூச்சுத் துவாரமும் அடைபடும். வண்டி காலியாக நிற்கும், காலியாகவே ஓட்டிக் காட்டப்படும். 28.5 டன்னில் அது எப்படி நிற்கும் என்பது அந்த மைதானத்தில் தெரியாது.

2021-ல் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதி வகுத்தது. சக்கரத்தை உருளைகள் மேல் ஏற்றி, எந்தச் சக்கரம் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது, இடமும் வலமும் எவ்வளவு வேறுபடுகிறது என்று இயந்திரமே அளக்கும். கண் பார்வைச் சோதனையைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் ஒரு விஷயம் அந்த இயந்திரத்துக்கும் தெரியாது. வெடிப்பு விட்டு, துணி தெரிந்து, ஆனால் இன்னும் கிழியாத டயாபிரம் உருளைமேல் நூற்றுக்கு நூறு வாங்கும். ரப்பர் கிழியும் வரை முழு விசையையும் கொடுக்கும், கிழிந்த நொடியில் எதையும் கொடுக்காது. லைனர் மாதிரி மெல்ல மெல்லத் தேய்ந்து எச்சரிக்கும் பொருள் இல்லை அது. அதன் வயதை எந்தக் கருவியும் படிக்காது. எங்காவது எழுதி வைத்தால்தான் தெரியும்.

எழுதி வைப்பது எப்படி என்பதை அறிய விழுப்புரம் சந்திப்பு வரை போனால் போதும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று பல திசைப் பாதைகள் கூடும் இடம். சரக்கு ரயில் நிற்கும்போது வேகனின் பக்கவாட்டைப் பார்த்தால் வெள்ளை எழுத்தில் பி.ஓ.எச். என்று போட்டு ஒரு தேதி இருக்கும். கடைசியாக எந்தப் பணிமனையில், எந்த மாதம் முழுமையாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்பது அது. கூடவே மறுபடி எப்போது திரும்பி வர வேண்டும் என்ற தேதியும் இருக்கும். வேகன் நன்றாகத்தான் ஓடுகிறதே என்பது அங்கே வாதமே இல்லை. தேதி வந்தால் பணிமனைக்குப் போக வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளிலும் கிலோமீட்டர் கணக்கு வைத்துப் பேருந்தைப் பள்ளத்தின் மேல் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் பழையது. நாள் குறித்துப் பழகாதது தனியார் லாரி ஒன்றுதான்.

இதற்கு உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு மாதம் பிறந்தால் டியூ. டீசல், சுங்கம், டயர், காப்பீடு என்று எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். டயாபிரம் விலை அவரைக் கவிழ்க்காது. அதை மாற்ற வண்டி ஒரு நாள் நிற்பதுதான் கவிழ்க்கும். போதாததற்கு ஒரே பெட்டி, ஒரே எழுத்து, பாதி விலை என்று போலிப் பொருள் சந்தையில் கிடைக்கிறது. எது அசல் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் பட்டறையில் இருந்தால் அதிர்ஷ்டம். இத்தனைக்கும் இந்தியாவில் லாரிக்குக் காற்று பிரேக் செய்யும் தொழில் வேரூன்றிய ஊர், திண்டிவனத்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் சென்னைப் பாடி. டி.வி.எஸ். குழுமம் பிரிட்டனின் கிளேட்டன் டுவாண்டர் நிறுவனத்தோடு சேர்ந்து 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல் தரத்துக்கான டெமிங் பரிசை ஜப்பானிலிருந்து வாங்கி வந்தது. பின்னால் அது வாப்கோ ஆகி, இப்போது இசட்.எஃப். பெயரில் ஓடுகிறது. தரமான பொருள் கிடைக்காத ஊர் என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது.

ஒரு நாள் நிற்பதும் தேவையில்லாத நிலைமையை உண்டாக்கலாம். லோடு இறக்கிவிட்டு அடுத்த லோடுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு அச்சின் இரண்டு டயாபிரத்தையும் மாற்றிவிட முடியும். கை தேர்ந்த மேஸ்திரி செய்வதைப் பார்த்தால் விஷயம் புரியும். முதலில் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை. பிறகு ரிலீஸ் போல்ட்டால் ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டு, காற்றை முழுக்க இறக்குவார். வளையத்தின் நட்டுகளைக் கழற்றிப் பழைய ரப்பரை எடுத்ததும் அதை எறிந்துவிடாமல் உள்பக்கம் விரல் வைத்துத் தடவுவார். எண்ணெய் ஒட்டினால் கம்ப்ரஸரைப் பார்க்கச் சொல்வார். புதியதை வைத்து வளையத்தை முறுக்கும்போது சின்னச் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டிக்கொண்டே, இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றி முறுக்குவார். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். பிறகு காற்று ஏற்றி, ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி, விளிம்பில் சோப்பு நுரை பூசுவார். நுரை முட்டையிட்டால் மறுபடி கழற்றல்.

கடைசியாகச் சாக்பீஸ். பிரேக் விட்ட நிலையில் புஷ் ராடு சேம்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு கோடு. பெடல் மிதித்ததும் கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளவுகோலால் அளப்பார். சாதாரண 30 எண் சேம்பரில் அது இரண்டு அங்குலத்தைத் தொட்டாலே அமெரிக்கச் சோதனையாளர்கள் எல்லை வந்துவிட்டது என்பார்கள். தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் வைத்த வண்டியில் கோடு அதிகம் நகர்ந்தால் அதை ஸ்பேனரால் திருகிச் சரிசெய்துவிட்டு அனுப்பக் கூடாது. தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய ஒன்று ஏன் செய்யவில்லை என்று பார்க்க வேண்டும். ஒரு சாக்பீஸ், ஒரு அளவுகோல், ஒரு சோப்பு. எஃப்.சி. மைதானத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதா என்பது போக்குவரத்துத் துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி. சுங்கச்சாவடிகளை ஒட்டி லாரிகள் நிற்கும் இடங்களில், அபராதச் சீட்டு இல்லாமல், மாதம் ஒருநாள் சாக்பீஸோடு ஆட்களை நிறுத்தினால் ஓட்டுநர்களே முன்வந்து காட்டுவார்கள். வண்டியில் முதலில் போகும் உயிர் அவர்களுடையதுதானே.

டயாபிரத்துக்கு ஆயுள் எவ்வளவு என்று வண்டித் தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறது. மாடலுக்கு மாடல் வேறுபடும். அந்தக் காலத்தை எஃப்.சி. விதியோடு கட்டிவிட வேண்டும். மாற்றிய நாள், அச்சு, வாங்கிய ரசீது ஆகியவை இல்லாவிட்டால் சான்று இல்லை என்று ஆக்க வேண்டும். உப்பு, குவாரி வண்டிகளுக்குக் கையேடு சொல்வதைவிடக் குறைந்த காலம் வைப்பதும் நியாயம். இதனால் வாகன ஆய்வாளருக்கு வேலை கூடும், உரிமையாளருக்கு ஒரு ரசீது கூடும், அவ்வளவே.

புதிதாகப் பலகை எதுவும் மாட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு லாரியின் கேபின் பக்கவாட்டில் ஏற்கெனவே ஒரு கட்டம் வரைந்திருக்கும். காலி எடை, மொத்த எடை, எஃப்.சி. எந்தத் தேதி வரை, பெர்மிட் எந்தத் தேதி வரை, வரி, காப்பீடு எந்தத் தேதி வரை என்று மஞ்சளிலோ வெள்ளையிலோ அழகாக எழுதியிருப்பார்கள். விழுப்புரத்துப் பெயிண்டர் அந்தக் கட்டத்துக்குக் கீழே கையகல இடம் எப்போதும் விட்டு வைக்கிறார். அங்கே இன்னும் ஒரு வரி தாராளமாகப் பிடிக்கும்: டயாபிரம், முன், பின், மாதம், வருடம்.